தலைக்கு இரண்டு கண் வீதம்

உலகப் புராண அரங்கத்தில் நாற்பத்திரண்டு சிலைகள். தலைக்கு இரண்டு கண் வீதம் எண்பத்து நான்கு கண்கள் தேவை. இந்தப் பெருக்கலை இயக்குநர் அலுவலகத்தில் மூன்று பேர் தனித்தனியாகப் போட்டுப் பார்த்திருந்தார்கள். மூவருக்கும் ஒரே விடை வந்தது. அந்த மகிழ்ச்சியில் மூவரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணை ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது என்று ஆகிவிட்டது. உள்ளே சில ஆண்டவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவர்களாலும் முடியவில்லை.

காகிதம் கண் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது கண்காரி பின்கட்டு அறையில் ஒரு லாரி ஓட்டுநரின் கருவிழிக்குப் பழுப்பு தீட்டிக்கொண்டிருந்தாள். கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்து பொருத்துவது அவள் வேலை. ஊரில் அந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் டாக்டரிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவள் கண்காரி.

"பத்தே நாள்," என்றார் தலைமை மருத்துவர். "சிலைக்குக் கண்ணு வைக்கணுமாம். மேலிடத்து உத்தரவு. போய் வெச்சுட்டு வந்துரும்மா."

"சிற்பியே வெச்சுருவாரே டாக்டர்?"

"அவர் வெச்சா பொம்மைக் கண்ணு மாதிரி இருக்காம். உயிருள்ள கண்ணு மாதிரி வேணுமாம்."

பத்து நாள் இப்போது ஐந்து வாரமாகியிருந்தது.

அவளோடு அச்சுப் பெட்டிகளும், கண்ணை வேகவைக்கும் பாத்திரமும், சாயங்களும், ரத்தநாளத்துக்கு ஒட்டுகிற சிவப்புப் பட்டுநூலும் அரங்கத்துக்குப் போயின. வாசலில் ஒவ்வொன்றிலும் எண் எழுதி முத்திரை குத்தினார்கள். மூன்றே மயிர் கொண்ட தூரிகையில் முத்திரைக்கு இடமில்லை. அதற்கென்று ஒரு அட்டைப் பெட்டி செய்து பெட்டியின் மேல் குத்தினார்கள். உள்ளே வந்த எதுவும், வேலை முடிந்து, சரிபார்ப்பு நடந்து, விடுவிப்பு ஆணை வராமல் வெளியே போகக் கூடாது. கண்காரி மட்டும் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். கையை வீசிக்கொண்டு போகலாம்.

வீட்டில் தங்கை இருந்தாள். கூரியர் அலுவலகத்தின் முன்மேஜையில் உட்கார்ந்து நாள் முழுக்க வருகிறவர் போகிறவரோடெல்லாம் வாயாடிக்கொண்டிருந்தவள். இரண்டு மாதத்துக்கு முன் சுவரில் ஆணி அடிக்கும்போது அதன் தலை தெறித்து இடது கண்ணில் ஏறியது. கண்ணை எடுக்கும்படி ஆயிற்று. கண்காரியின் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டுவதற்கான ஆணி அது. "கொஞ்சம் அடிச்சு வைடீ, குளிச்சுட்டு வந்துடறேன்" என்று சொன்னதும் கண்காரிதான். அன்றிலிருந்து இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. தங்கை வாசலைத் தாண்டவில்லை. கூரியர் பையன்கள் பார்க்க வந்தால்கூடக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கண் எடுத்த குழி சுருங்காமல் இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஓடு வைத்திருந்தார்கள். அது இப்போது நழுவ ஆரம்பித்திருந்தது. "மாசக் கடைசிக்குள்ள கண்ணு வெச்சாகணும்," என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "தசை இறுகிடுச்சுன்னா கண்ணு நிக்காது. மறுபடியும் கத்திதான்." ஊருக்கெல்லாம் கண் செய்கிறவள் வீட்டில், கண் இல்லாமல் ஒருத்தி. செய்யக் கையிருந்தது. கருவிதான் அரங்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது.

அரங்கம் இரண்டு கூடங்களாகப் பிரிந்திருந்தது. வலப்பக்கம் தீர்க்கதரிசிகள்: வரப்போவதை உள்ளது உள்ளபடி சொல்லி ஒருவராலும் நம்பப்படாதவர்கள். இடப்பக்கம் தந்திரக்காரர்கள்: வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி எல்லோராலும் நம்பப்பட்டவர்கள். இரண்டுக்கும் நடுவே இயக்குநர் அறை.

எந்தக் கூடம் என்று முடிவாகாத ஒரே ஆள், கையில் வீணையோடு மூன்று உலகமும் சுற்றி, அங்கே கேட்டதை இங்கே சொல்லிச் சண்டை மூட்டிவிடும் முனிவர். முனிவர் என்பதால் வலப்பக்கம் என்றது ஒரு குழு. மூட்டிவிடுகிறவர் என்பதால் இடப்பக்கம் என்றது இன்னொரு குழு. இரண்டு குழுவும் முகம் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டன. முடிவு வரும்வரை அவரை இயக்குநர் அறை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் அவரைத் தங்களுக்கு முன்பே வந்து காத்திருப்பவர் என்று எண்ணி, அவருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

சிக்கல் தொடங்கியது பார்வையற்ற ஒரு தீர்க்கதரிசியிடம். ஏழு வருஷம் பெண்ணாக வாழ்ந்து பிறகு ஆணானவர். தேவர் வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவராகப் போய் உண்மையைச் சொல்லி, அதற்குக் கூலியாகப் பார்வையை இழந்தவர். சிற்பி அவருடைய இமைகளை மூடியே செதுக்கியிருந்தார். சரிபார்ப்பு அலுவலர் சிலையின் முன் வந்து நின்றார். காதிடுக்கில் பென்சில் செருகிய ஒல்லியான மனிதர். எண்ணிக்கையைத் தவிர உலகத்தில் வேறொன்றையும் நம்பாதவர். விரலை நீட்டி இரண்டு முறை எண்ணினார்.

"ரெண்டு குறையுது."

"அவருக்குக் கண்ணு தெரியாது சார்," என்றாள் கண்காரி.

"அது அவரோட சொந்த விஷயம்மா. இங்க தலைக்கு ரெண்டு."

இயக்குநரைக் கூப்பிட்டார்கள். இயக்குநர் நான்கு பேர் இருக்கும் இடத்திலும் நானூறு பேருக்குப் பேசுகிற குரல் உள்ளவர். சிலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. நம்ம அரங்கத்துல ஒரு ஞானிக்குக் கண்ணு இல்லைன்னா வெளியில என்ன பேசுவாங்க? நிர்வாகத்துக்குக் கண்ணு இல்லைன்னு பேசுவாங்க. அதுக்கு இடம் கொடுக்கக் கூடாது. பார்வையில்லாதவருக்கும் கண்ணு இருக்கும், பார்வைதானே இருக்காது? அதனால பார்வையில்லாத கண்ணா ரெண்டு செஞ்சு வெச்சிடுங்க. அதுக்குத் தனியா ஒரு கோரிக்கைச் சீட்டு போட்டுடுங்க."

கண்காரி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"நான் செய்யற எல்லாக் கண்ணுமே பார்வையில்லாததுதான் சார்."

இயக்குநர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"எல்லாமேன்னா?" என்றார் இயக்குநர்.

"எல்லாமே சார்."

"ஏற்கெனவே மாட்டின அறுபத்தொண்ணும்?"

"அதுவும்தான்."

"எதிர்காலத்தைப் பாத்தவங்களுக்கு வெச்சதுகூடவா?" சரிபார்ப்பு அலுவலரின் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது.

மறுநாள் காலை அவள் மேஜையில் ஒரு குறிப்பாணை இருந்தது. தங்களால் வழங்கப்பட்ட அறுபத்தொரு கண்களும் பார்வையற்றவை எனத் தங்கள் வாய்மொழியாகவே தெரியவந்துள்ளது. இக்குறைபாட்டுக்கான விளக்கத்தை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அளிக்கவும். அவள் நாள் முழுக்க யோசித்தாள். செயற்கைக் கண் ஏன் பார்ப்பதில்லை என்பதை எழுத்தில் சொல்ல வேண்டிய நிலை அவளுக்கு அதுவரை வந்ததில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி அடித்தாள். கடைசியில் ஒரே வரி எழுதினாள்: "இந்தக் கண்கள் பார்ப்பதற்கானவை அல்ல, பார்க்கப்படுவதற்கானவை."

இந்த வரி இயக்குநருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. திறப்பு விழா உரைக்கான ஒத்திகையில், ஊழியர்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்து அவர் முழங்கினார்: "நம்முடைய நிறுவனமும் அப்படித்தான். நாம் பார்ப்பதற்காக இங்கே இல்லை. பார்க்கப்படுவதற்காக இருக்கிறோம். ஒரு பொருள் எதற்கு இருக்கிறது என்று கேட்கக் கூடாது. இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்க வேண்டும்!" கைதட்டல் வந்தது. அரங்கத்தின் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் தட்டிக்கொண்டே கண்காரியின் பக்கம் சாய்ந்து, "உள்ளதைத்தான் சொல்றாரு, என்ன?" என்றார்.

ஒன்பது நாள் இருந்தது. அவள் விடுப்பு கேட்டாள். வேறிடத்திலிருந்து அயல்பணிக்கு வந்தவருக்குத் தாய்த்துறைதான் விடுப்பு தரவேண்டும் என்றது அரங்கம். அயல்பணியில் இருப்பவர் அங்கேதான் கேட்க வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. இரண்டு கடிதமும் ஒரே நாளில் ஒன்றையொன்று எங்கோ வழியில் கடந்து போயின.

அடுத்தது மூன்று கிழவிகள். கூடப்பிறந்தவர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே கண். அதை ஒருத்தி எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்து மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள் என்பது கதை. சரிபார்ப்பு அலுவலர் ஆறு என்றார். சிற்பி எழுதிக் கொடுத்த குறிப்பு ஒன்று என்றது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஏற்பாடு செய்யப்பட்டது. ஆறும் செய்யவேண்டியது, ஐந்தை இருப்பில் வைப்பது, மாட்டிய ஒன்றை முறை வைத்துத் தினமும் மாற்றுவது. இந்தப் பொறுப்பு ஸ்டோர்காரருக்கு வந்தது. காலை ஒன்பதரைக்கு மூத்தவளிடமிருந்து கழற்றி நடுவிலவளுக்கு. மறுநாள் நடுவிலவளிடமிருந்து இளையவளுக்கு. அதற்கு ஒரு பதிவேடு, நேரம், கையொப்பம்.

"நேத்து நான் லீவு," என்றார் ஸ்டோர்காரர் ஒருநாள், முகம் தொங்கிப்போய். "நடு அம்மாவோட முறை. யாரும் மாத்தலை. இன்னிக்குக் காலையில அவங்க முகத்தைப் பாக்கவே எனக்குச் சங்கடமா இருந்துச்சு மேடம். ஒரு வார்த்தை சொல்லாம நிக்கறாங்க."

"அவங்க சிலைங்க."

"தெரியும். இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டுட்டாத் தேவலை."

கண்காரிக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தங்கை திரும்பிப் படுத்திருந்தாள். அந்தக் கிழவிகளைப் போலவே அவளும் எதுவும் கேட்கவில்லை.

இடப்பக்கக் கூடமும் சும்மா இருக்கவில்லை. கதைகளையெல்லாம் ஆகாயத்திலிருந்து ஏமாற்றி வாங்கிவந்த சிலந்திக்கு எட்டுக் கண். ஆறு அதிகம் என்று குறிப்பாணை வந்தது. வலப்பக்கம் மிச்சமிருந்த கண்களை இந்தப் பக்கம் கொடுத்துச் சரிக்கட்டலாமே என்று ஸ்டோர்காரர் யோசனை சொன்னார். இயக்குநர் அதிர்ந்துபோனார். "தீர்க்கதரிசியோட கண்ணைத் தந்திரக்காரனுக்கா? நாளைக்கு அவன் உண்மையைப் பாத்துச் சொல்ல ஆரம்பிச்சா யார் பதில் சொல்றது?" என்றார். கடைசியில் சிலந்தியின் ஆறு கண்களைக் கண் அல்ல, அலங்காரம் என்று எழுதிக் கணக்கிலிருந்து நீக்கினார்கள்.

புல்வெளி நரி ஒன்று இருந்தது. தன் கண்ணைக் கழற்றி மரத்துக்கு மேலே எறிந்து பிடித்து விளையாடி, இரண்டையும் கிளையில் மாட்டவைத்துவிட்டு, கடைசியில் ஒரு சுண்டெலியிடம் ஒன்றும் எருமையிடம் ஒன்றுமாகக் கண் வாங்கிப் பொருத்திக்கொண்ட நரி. ஒன்று கடுகுபோல, ஒன்று எலுமிச்சைபோல. அதை வடிப்பதில் கண்காரிக்கே ஒரு குஷி இருந்தது. ஜோடி சேரவில்லை, தரக்குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டும் ஒரே அளவாகச் செய்து கொடுத்தாள். நரி அதன்பிறகு ஒரு நல்ல வங்கி ஊழியரைப்போல இருந்தது.

ஆறு நாள்.

எண்பத்து மூன்று கண்கள் சரியாகிவிட்டன. ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்று சரியானால் சரிபார்ப்பு முடியும். முடிந்தால் விடுவிப்பு ஆணை. கண்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்த ஒன்று வடக்குப் பனிநாட்டுத் தேவனுடையது. ஞானக் கிணற்றில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்கு விலையாகத் தன் ஒரு கண்ணைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டவர். முகத்தில் ஒரு கண்தான் வைக்க முடியும். மற்றது கிணற்றில் இருக்க வேண்டும். கிணறு கட்டுவதற்குக் கட்டுமானப் பிரிவு ஒப்புதல் தரவில்லை. ஆகவே ஒட்டுப்பலகையில் கிணறு வரைந்து சிலைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"பலகைக்குள்ள கண்ணை எப்படி சார் போடறது?" என்றாள்.

"போட வேண்டாம். வழங்கல் பதிவேட்டுல கிணத்துக்கு வழங்கினதா எழுதிடலாம்," என்றார் சரிபார்ப்பு அலுவலர். "ஆனா பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வேணும்."

"பெற்றுக்கொண்டது கிணறு சார்."

"கிணறு சார்பா அதிகாரம் பெற்ற ஒருத்தர் போடட்டும்."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு சிந்தித்தார். "ஒண்ணு சொல்றேன். அது தேவன் ஞானத்துக்குக் கொடுத்த கண்ணு. ஏதோ ஒரு கண்ணைச் செஞ்சு கிணத்துக்குக் கொடுத்தா அது நமக்குத்தான் கேவலம். உயிரோட இருக்கணும். தேவைப்பட்டா ஒரு ஆளை முன்னாடி உக்கார வெச்சுப் பாத்துச் செய்யுங்க. மாதிரி நபர்னு ஒரு அனுமதி போட்டுத் தர்றேன். கிணறு சார்பா கையெழுத்தையும் அந்த ஆளே போட்டுட்டுப் போகட்டும். ரெண்டு வேலையும் ஒரே ஆளோட முடியும், சிக்கனமாவும் இருக்கும்."

கண்காரிக்குத் தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் எந்தத் தந்திரமும் யோசித்திருக்கவில்லை. அதை இயக்குநர் தம் கைப்பட எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

வீட்டில் தங்கையைக் கிளப்புவதுதான் கடினமாக இருந்தது.

"நான் வரல. எல்லாரும் பாப்பாங்க."

"அங்க ஒருத்தருக்கும் கண்ணு சரியா இல்லடீ. ஒருத்தருக்கு ஒண்ணு, மூணு பேருக்கு ஒண்ணு, சிலந்திக்கு எட்டு. உன்னை எவன் பாக்கப்போறான்?"

திரும்பிப் படுத்திருந்த முதுகு கொஞ்சம் குலுங்கியது. "மூணு பேருக்கு ஒண்ணா? சண்டை போட்டுக்க மாட்டாங்களா?"

"ஸ்டோர்காரர் முறை வெச்சு மாத்தறாரு. கையெழுத்துப் போட்டு."

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். "இது உண்மையா, இல்ல என்னைக் கிளப்பறதுக்காகச் சொல்றியா?"

"வந்து பாரு."

மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் காவலாளி கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அனுமதிச் சீட்டில் அடையாளம் என்ற இடத்தில் எழுதினார்: இடது கண் இல்லை. மொத்தக் கண்: ஒன்று. தங்கை அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள்.

பட்டறையாக ஒதுக்கியிருந்த அறையில் முதல்நாள் கண்காரி தங்கையின் கண்குழிக்கு அச்சு எடுத்தாள். மெழுகில் வடிவம் செய்து வைத்து, எடுத்து, சுரண்டி, மறுபடி வைத்துப் பார்த்தாள். வெள்ளைவிழியைப் பாத்திரத்தில் வேகப்போட்டாள். மறுநாள் கருவிழி தீட்ட உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தங்கையின் கண் நிறம் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பிறந்த நாளிலிருந்து பார்த்த கண். பழுப்பு என்று குழைத்தாள். வலது கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பழுப்பு இல்லை. உள்ளே கண்பாவையைச் சுற்றி மங்கிய தேன் நிறத்தில் ஒரு வளையம், அதிலிருந்து சாம்பல் இழைகள், ஓரத்தில் பச்சை கலந்த ஒரு இருட்டு. இதையெல்லாம் அவள் ஒருநாளும் பார்த்ததே இல்லை.

"வீட்டுல உன் முன்னாடி கறுப்புக் கண்ணாடி இல்லாமதான் ரெண்டு மாசமா இருக்கேன்," என்றாள் தங்கை. "இன்னிக்குத்தான் நீ என்னை நேராப் பாக்கற."

"தினமும்தானே பாக்கறேன்."

"நெத்தியப் பாத்துப் பேசற. இல்லேன்னா காதை."

கண்காரி மூன்று மயிர்த் தூரிகையைக் கீழே வைத்தாள். எத்தனையோ பேரின் கண்ணை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்தவள். அழுதவர்கள், முறைத்தவர்கள், அவளிடம் காதல் சொன்ன ஒரு கிழவர்கூட உண்டு. யார் கண்ணும் அவளைத் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்டதில்லை. இந்தக் கண் கேட்டது.

"நான்தான் ஆணி அடிக்கச் சொன்னேன்," என்றாள்.

"ஆமா. நீதான் சொன்ன." தங்கை கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. "நான் உன்னைத் திட்டணும்னு இத்தனை நாள் காத்துட்டிருந்தேன். நீ கிட்டயே வரல. எப்பப் பாரு சிலைக்குக் கண்ணு, சிலைக்குக் கண்ணுன்னு ஓடிட்ட."

"திட்டேன்."

"இப்ப முடியாது. அசையக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

இருவரும் சிரித்ததில் கண்காரியின் விரல் ஈரச் சாயத்தில் பட்டுவிட்டது. கண்காரி சாம்பல் இழைகளை அழித்து மறுபடி தீட்ட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் கண்ணை மெருகேற்றி முடித்தாள். கழுவி, விரலில் எடுத்து, மேல் இமையைத் தூக்கி உள்ளே தள்ளி, கீழ் இமையை இழுத்துவிட்டாள். ஒரு சொடுக்கு. கண் உட்கார்ந்துவிட்டது. தங்கை இமைத்தாள். மறுபடி இமைத்தாள். கைக்கண்ணாடியை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

கண்காரிக்கு அப்போதுதான் கணக்கு நினைவுக்கு வந்தது. இந்தக் கண் அரங்கத்தின் இருப்பில் எண்பத்து நான்காவது. கிணற்றுக்கு உரியது. இத்தனை வருஷத்தில் ஒரு துண்டு பட்டுநூலைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை அவள். ஆனால் செய்வது என்ன வேலை? இல்லாத கண்ணை இருப்பதுபோல் காட்டுவது. எதிரில் நிற்கிறவனை ஏமாற்றுவது. அதைத் தொண்டு என்று சொல்லிச் சம்பளம் தருகிறார்கள். எந்தக் கூடத்தில் நிற்கவேண்டிய ஆள் தான் என்று முதல்முறையாக அவளுக்கு ஐயம் வந்தது.

யோசிக்க நேரம் கொடுக்காமல் சரிபார்ப்பு அலுவலர் உள்ளே வந்தார். பதிவேட்டை மேஜையில் விரித்தார்.

"எண்பத்து நாலு. கிணறு. வழங்கியாச்சா?"

"வழங்கியாச்சு சார்."

"கிணறு சார்பா யாரு?"

"நான்தான்," என்றாள் தங்கை. குரல் கூரியர் அலுவலக முன்மேஜையில் கேட்கும் குரலாக இருந்தது. "எங்க போடணும் கையெழுத்து?"

அவர் காட்டிய இடத்தில் போட்டாள். அவர் கையெழுத்தின் மேல் ஊதி மையைக் காயவைத்தார். மூடப்போனவர், "உங்க அனுமதிச் சீட்டு?" என்றார்.

கொடுத்தாள். அவர் அதை வாசித்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, விரலை நீட்டி, அவள் முகத்தின் முன்னால் எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு."

கண்காரி தூரிகையை அதன் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"சீட்டுல மொத்தக் கண்ணு ஒண்ணுன்னு இருக்கு. இங்க ரெண்டு இருக்கு."

அவர் தங்கையின் இடது கண்ணுக்குக் கிட்டத்தில் வந்து குனிந்தார். அவள் இமைத்தாள். இரண்டு இமையும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. எங்கோ தொலைந்துபோன ஒரு கண்ணைத் தேடுவதற்கென்றே சம்பளம் வாங்கும் அந்த மனிதர், நான்கு விரற்கடை தூரத்தில் நின்று அதை உற்றுப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. கோபம் வந்தது.

"பாத்தீங்களா இந்த வாசக் காவக்காரனை!" என்றார். "தலைக்கு ரெண்டுன்னு சுற்றறிக்கை போய் ரெண்டு மாசம் ஆச்சு. படிச்சிருந்தா இப்படி எழுதுவானா? ஒரு பொம்பளை மேல இப்படியா அடையாளம் எழுதறது, கூச்சம் வேணாம்? மன்னிச்சுக்கங்கம்மா." ஒன்று என்பதை அடித்து இரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, அதன் மேல் முத்திரையும் குத்தினார். பிறகு பதிவேட்டில் மொத்தம் எண்பத்து நான்கு, வித்தியாசம் இல்லை என்று எழுதி அடிக்கோடிட்டார். கோடு இழுக்கும்போது அவர் உதடு பிள்ளைபோலக் குவிந்திருந்தது.

விடுவிப்பு ஆணையோடு கண்காரிக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. இயக்குநர் அதைச் சபையில் வாசித்தார்: "ஒரு கண்கூடக் குறையாமல் கணக்கு ஒப்படைத்த அப்பழுக்கற்ற நேர்மைக்காக." அவள் வாங்கிக்கொண்டாள். தலை குனிந்ததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வாசலில் அதே காவலாளி. திருத்திய சீட்டை வாங்கிப் பார்த்தார், தங்கையின் முகத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். அவர் முகத்தில், தான் பார்த்ததையே சந்தேகப்படும் ஒரு மனிதனின் திகைப்பு வந்தது. கண்காரிக்கு அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியவர் அவர் ஒருவர்தான். ஆனால் தங்கை அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இருந்தது. தங்கை கறுப்புக் கண்ணாடியைப் பையில் வைத்துவிட்டாள். கண்காரி ஒவ்வொரு ஆளின் பார்வையையும் துரத்திக்கொண்டு நின்றாள்: இவன் பார்க்கிறானா, அந்த அம்மா திரும்பிப் பார்த்தாளா.

கையில் மருந்துப் பையோடு ஒரு பெரியவர் தங்கையிடம் வந்தார். "பாப்பா, கண்ணாடிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். அந்த வண்டி எங்க போகுதுன்னு பாத்துச் சொல்லேன்."

தங்கை இடப்பக்கமாக முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பலகையை வாசித்துச் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

அவர் ஏறும்வரை தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்:

"அக்கா, அவரு என் எந்தக் கண்ணைப் பாத்துப் பேசினாரு?"

"தெரியலடீ."

"எனக்கும் தெரியல," என்றாள் தங்கை. அவள் வலது கண்ணில் மட்டும் நீர் நிறைந்தது. கண்காரி இந்த முறை நெற்றியைப் பார்க்கவில்லை.